அன்றிலும் வல்லூறும்

பழந்தமிழ்ப் புலவர் பறவைகளை நோக்கியபோது பறவைகளை மட்டுமே நோக்கினர் என்று கூறுவதற்கில்லை. துணையைப் பிரிந்தால் உயிர் தரியாத அன்றிலைப் பனைமடலில் வைத்துப் பாடியவர்கள், தம் காலத்து மாந்தர் நெஞ்சத்தையே அம்மடலின்மேல் ஏற்றி வைத்தனர். அன்றில் எனப்பட்டது யாது என ஆராய்ந்தோருட் பலர், அது அரிவாள்மூக்கன் இனத்துக் கரிய பறவையே என்பர். அப்பறவை துணை இறந்த மாத்திரத்தே தானும் இறப்பதில்லை. எனினும் வகுப்பறைகளில் அன்றில் இன்றும் இறந்துகொண்டே இருக்கின்றது.

வடமராட்சியைச் சேர்ந்த தமிழாசிரியை ஒருவர் முப்பத்தாறு ஆண்டுகள் உயர்தர வகுப்பு மாணவர்க்கு அந்த அன்றிலைக் கற்பித்து 2009 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். கனடாவிலிருந்து மேற்படிப்பின் பொருட்டுக் கலிபோர்ணியாவுக்குச் சென்ற அவருடைய பேத்தி, பெருந்தொற்றுக் காலத்தில் அம்மம்மாவின் தனிமைக்கென ஒரு கைக்கணினியை அனுப்பி வைத்தாள். அதில் உறவினர் முகங்களைப் பார்ப்பதற்கே அவர் முதலிற் பழகினார். பின்னர் பேத்தி பயிலும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்து மணிக்கோபுரத்திலுள்ள பொரிவல்லூறுகளின் கூட்டை நேரடியாகக் காட்டும் பக்கத்தை அவள் திறந்து கொடுத்தாள். அன்று தொட்டு ஆசிரியையின் இரவுகள் பேர்க்லியின் பகல்களாயின. மார்ச்சு மாத நடுப்பகுதியிலிருந்து அங்கே காலை ஏழரை மணியெனில் இங்கே இரவு எட்டு மணி.

அக்கோபுரம் 1914 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. 307 அடி உயரமுடையது. வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டது. உச்சியில் 61 மணிகள் உள. இடைநிலைத் தளங்களிலே தொல்விலங்குகளின் எலும்புகள் தொன் கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. மணியோசைக்கும் மாண்ட விலங்குகளுக்கும் இடையே உயிருள்ளதொரு குடும்பம் வந்து சேர்ந்தது 2016 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலாகும். வல்லூறு கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறை விளிம்பிலே பரலைக் கிளறிச் சிறு குழியாக்கி அதிலே முட்டையிடும். நகரத்துக் கோபுரமும் அதன் கண்ணுக்குப் பாறையே. நமது சிகிரியாக் குன்றிலும் இவ்வினத்தின் கிளைவகையொன்று வாழ்கின்றது. அங்கே செல்லும் மாணவர் ஓவியங்களைக் கண்டு திரும்புவரேயன்றித் தலைக்கு மேலே பறப்பதை நிமிர்ந்து பார்ப்பது அரிது.

பேர்க்லியிலோ நிலைமை வேறு. பரல் நிரப்பிய தட்டொன்று வல்லூறுகளுக்கென வைக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டிற் கமராக்கள் பொருத்தப்பட்டன. பெண் பறவைக்கு அன்னி என்றும் ஆணுக்குக் கிரினெல் என்றும் பெயரிட்டனர். அப்பல்கலைக்கழகத்து முதுகெலும்பி விலங்கியல் அரும்பொருளகத்தை 1908 இல் நிறுவிய அன்னி அலெக்சாந்தர் அம்மையாரையும், அதன் முதற் பணிப்பாளரான யோசப் கிரினெல் அவர்களையும் நினைந்து இட்ட பெயர்கள் அவை. 2017 ஆம் ஆண்டிற் பொரித்த முதற் குஞ்சுகள் இரண்டும் பல்கலைக்கழகத்தின் இலத்தீன் இலச்சினை வாசகத்திலிருந்து பெயர் பெற்றன. அவற்றுள் ‘ஒளி’ எனப் பொருள்படும் பெயர் பெற்றது, பறக்கப் பழகிய சில நாட்களிலேயே அருகிலிருந்த கட்டடத்தின் கண்ணாடியில் மோதி இறந்தது. பாறைக்கும் கட்டடத்துக்கும் உள்ள வேற்றுமை கண்ணாடிதான் போலும்.

ஆசிரியை முதலில் வியந்தது அவற்றின் வேகத்தையன்று. மேலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தைப் பெறும் அப்பறவை, கூட்டிலே ஒன்றுஞ் செய்யாதிருப்பதையே அவர் வியந்தார். அடைகாத்தல் ஏறத்தாழ முப்பத்து மூன்று நாள் நீடிக்கும். அந்நாட்களிற் காண்பதற்கு யாதுமில்லை. ஒரு முதுகு, காற்றில் அசையும் இறகுகள், எப்போதாவது முட்டையைப் புரட்டும் அலகு. உலகின் பல பாகங்களிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் இவ்வசைவின்மையைப் பார்த்திருந்தனர் என்பது நம்புதற்கரிய செய்தியாயினும் உண்மையே.

அந்த முட்டைக்கு வேறொரு வரலாறும் உண்டு. வவுனியாவைச் சார்ந்த ஒரு சிற்றூரில் வளர்ந்த ஆசிரியைக்கு, ஐம்பதுகளில் மருந்தடிக்க வந்தவர்கள் நினைவில் இருக்கின்றார்கள். தோளிலே தொங்கும் கொள்கலத்துடன் அவர்கள் படலையைத் திறக்கும்போதே தாயார் சோற்றுப்பானையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் செல்வார். மண்சுவரிலே வெண்ணிறம் படியும். அந்த டி.டி.ரி. மருந்தினால் இலங்கையில் மலேரியா ஒடுங்கியது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். அதே மருந்து மேலைநாட்டு வயல்களிலே தூவப்பட்டுப் பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து வல்லூறுக்கும் ஏறி, முட்டையோட்டிற் சுண்ணம் சேர்வதைக் கெடுத்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்தாலேயே முட்டைகள் நொருங்கின. ஓடு மெலிந்ததைப் பிரித்தானிய ஆய்வாளர் டெரெக் ரட்கிளிவ் 1967 இல் அளந்து காட்டினார். 1970 இல் கலிபோர்ணியா மாநிலம் முழுவதிலும் இனம்பெருக்கிய சோடிகள் இரண்டே அறியப்பட்டிருந்தன. அமெரிக்கா 1972 இல் அம்மருந்தைத் தடைசெய்தது. கூண்டிலே பொரிக்கச் செய்த குஞ்சுகளைப் பல்லாண்டுகளாக வெளியே விட்டதன் பயனாக, 1999 இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து இவ்வினம் நீக்கப்பட்டது. மருந்தைத் தூற்றுவோரும் போற்றுவோரும் அதன் ஒரு பக்கத்தையே காண்கின்றனர். தாம் பிழைத்திருப்பதும் அம்மருந்தினால் என்பதை மறவாத ஒருவர்க்கு அவ்வாறு ஒரு பக்கம் சாய்வது எளிதன்று.

இனி 2022 ஆம் ஆண்டிற்கு வருவோம். அதற்கு முந்திய ஒக்ரோபர் மாத இறுதியிற் கிரினெல் வேற்று வல்லூறுகளுடன் பொருது காயமுற்றது. மூன்று வாரம்வரை விலங்கு மருத்துவமனையிலிருந்து நலம் பெற்றுத் திரும்பியது. பெப்ரவரியில் அன்னி ஒரு வாரமளவிற் காணாமற்போய், மாண்டதோ என அஞ்சப்பட்ட வேளையில் மீண்டு வந்தது. மார்ச்சு மாத இறுதியில் இரண்டு முட்டைகள் பரல்மேற் கிடந்தன. இலங்கையில் அவ்வேளை எரிபொருள் இல்லை. மார்ச்சு 31 இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் என அறிவிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் வரிசையென்பதால் ஆசிரியையின் வீட்டு அரிக்கன் லாம்பும் திரியைத் தாழ்த்தியே எரிந்தது.

ஏப்ரல் முதலாந் திகதி காலையிற் பேத்தியின் அழைப்பு வந்தது. பேர்க்லி நகரத் தெருவொன்றிலே கிரினெல் இறந்து கிடக்கக் கண்டனர் என்று அவள் அழுதவாறே சொன்னாள். வேட்டையாடி உணவு தரும் ஆண் இல்லையெனில் அடைகாக்கும் பெண்ணும் பட்டினி, முட்டைகளும் பாழ். இவ்வளவில் இணைப்பு அறுந்தது. மின்சாரம் வரும்போது இவர் உறங்கினார். இவர் விழித்திருந்தபோது மின்சாரம் இல்லை. நாடெங்கும் ஊரடங்கு நிலவிய அடுத்த நாள் இரவிலேதான் கைக்கணினி உயிர் பெற்றது.

முட்டைகளின்மேல் ஆண் பறவையொன்று அமர்ந்திருந்தது. உருவிற் சிறியது ஆண் என்பதை அறிந்திருந்த ஆசிரியை, பேத்திக்குக் கிடைத்த செய்தி பொய்யென எண்ணி மகிழ்ந்தார். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ அம்மகிழ்ச்சி நிலைத்தது. அது கிரினெல் அன்று. கிரினெல் இறந்த அன்றே, சில மணித்தியாலங்களுள் அன்னியிடம் வந்து சேர்ந்த வேற்று ஆண். தனக்குப் பிறவாத முட்டைகளை அது அடைகாத்துக்கொண்டிருந்தது. அரும்பொருளகத்தின் இரண்டாவது பணிப்பாளர் பெயரால் அதற்குப் பின்னர் ஓல்டன் எனப் பெயராயிற்று.

பேத்தி மீண்டும் அழைத்தபோது அவள் குரலில் துயரத்தினும் சினமே மிகுந்திருந்தது.

“ஒரு நாள் கூடப் பொறுக்கேல்லை, அம்மம்மா.”

“முட்டை பொறுக்காது, பிள்ளை” என்றார் ஆசிரியை.

பேத்தி வாதிட்டாள். கிரினெல் காயத்துடன் கிடந்தபோதும் அன்னி வேறொரு ஆணுடன் காணப்பட்டதை நினைவூட்டினாள். விஞ்ஞானம் பயில்பவள் ஒரு பறவையிடம் கற்பை எதிர்பார்ப்பதும், அன்றிலைக் கற்பித்தவர் அதனை மறுப்பதும் விந்தையே. அவ்விரவிலே, லாம்பின் வெளிச்சத்திலிருந்தபடி, தாய்க்கும் சொல்லாத ஒரு செய்தியைப் பேத்திக்கு ஆசிரியை சொன்னார்.

1984 இல் அவருக்குக் கணவர் இல்லாமற் போனபோது வயது முப்பத்தைந்து. மூத்தவளுக்கு ஆறு, இளையவளுக்கு மூன்று. இரண்டாண்டு கழித்து, அதே பாடசாலையிற் கணிதம் கற்பித்த ஒருவர் ஊர்ப் பெரியவர் மூலமாகக் கேட்டு அனுப்பினார். பிள்ளைகள் இருவரையும் தம் பிள்ளைகளாகவே கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார். ஆசிரியையின் தமையனார் விறாந்தைக் கதிரையிலிருந்தவாறே, தங்கள் குடும்பத்தில் அப்படியொரு வழக்கம் இல்லையென்றார். வந்தவருக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டு ஆசிரியை அடுக்களையில் நின்றார். அவரை ஒருவருங் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. அதனைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மறுக்கப்பட்டதே குறை. அடுத்த தவணையில் உயர்தர வகுப்பில் அன்றில் வந்தது. குரல் தளராமற் கற்பித்தார். ஊரார் அவரைக் காட்டித் தம் பெண்களுக்கு அன்றிலை விளக்கினர்.

தமையனார் தீயவரல்லர். பிள்ளைகளின் பாடசாலைச் செலவை அவரே ஏற்றார்; 1987 ஆம் ஆண்டுப் போரில் மூவரையும் மிதிவண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டு சேர்த்தவரும் அவரே. உவமையொன்றைக் கையிலெடுத்து அதனை ஒரு பெண்ணின் மீது வைத்துவிட்டார், அவ்வளவே. அன்னியையும் கிரினெலையும் தம்பதியர் எனப் பெயரிட்டு நேசித்தவர்கள் செய்ததும் இதனிற் பெரிதும் வேறானதன்று. பார்ப்பவர் தருவது கதை. பறவைக்கு வேண்டியது இரை.

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், அந்தக் கணித ஆசிரியர் இப்போது எங்கேயென்று வினவினாள். இடப்பெயர்வின் பின்னர் தெரியாது என்றார் ஆசிரியை.

மே மாதத்தில் இரு குஞ்சுகள் பொரித்தன. ஒன்றுக்கு இறந்த கிரினெலின் பெயரையும், மற்றதற்கு அதனைக் குணப்படுத்திய மருத்துவமனையின் பெயரையும் இட்டனர். ஓல்டன் இரை கொணர, அன்னி அதனைக் கிழித்து ஊட்டியது. நகரத்து வல்லூறுக்குப் புறாவே பெரும்பாலான இரையாகும். சிபிச் சக்கரவர்த்தியின் கதையிலே புறாவின் பக்கமே நின்று பழகிய ஆசிரியைக்கு முதலிரு நாட்கள் கடினமாயிருந்தன. துலாக்கோலுக்கு மறுபுறம் நின்ற பறவைக்கும் கூட்டிலே குஞ்சு இருந்திருக்கலாம் என்பதை அக்கதையைச் சொன்னபோதெல்லாம் தாம் சொன்னதில்லையே என அவர் நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் முதல் அவர் முகந் திருப்பவில்லை.

ஓல்டனுக்குப் பின்னர் வேறு ஆண்கள் வந்தன. அவற்றின் குஞ்சுகளும் கோபுரத்திலிருந்து பறந்தன. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அன்னியும் அதன் அப்போதைய துணையும் காணாமற்போயின. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என அவதானிப்போர் கருதினர். பேத்தி அதற்குள் படிப்பை முடித்துத் தொறொன்ரோவுக்குத் திரும்பியிருந்தாள். இம்முறை அவள் அழவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மழை, பனி என்று சுற்றி வளைத்துப் பேசியபின்னரே செய்தியைச் சொன்னாள்.

“முட்டை கிடந்ததோ?” என்று ஆசிரியை கேட்டார்.

“இல்லை, அம்மம்மா. அதுக்கு இன்னும் காலம் இருந்தது.”

“அப்ப சரி” என்றார். பொழுது படுகிற நேரம். கைக்கணினியை மேசையில் வைத்துவிட்டு, கோழிக்கூட்டைச் சாத்துவதற்காகக் கொல்லைப்புறம் சென்றார்.