பத்து வயசிலா, பதினொன்றிலா?

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி கிடையாது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகாவில் உண்டு; ஆனால் அந்தந்த மாவட்டத்தில் வசித்துப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான். அதனால் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் திருப்பூர் மாவட்டம் அமராவதி நகர் சைனிக் பள்ளி பற்றித்தான். ஆறாம் வகுப்பில் சேர, அந்த வருஷம் மார்ச் 31 அன்று வயது 10-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது படிக்கும் அக்கா மகனுக்கு இப்போது பத்து. இந்த வருஷமா, அடுத்த வருஷமா? "என்ன அவசரம்? ஒன்பதாவதுக்குக்கூட எழுதிக்கலாம்" என்றார், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்த மாமா. அங்கேதான் சிக்கல். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம், தெலுங்கு, கன்னடத்திலும்கூட. (எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வழியிலும் படிக்கிறார்கள்.) ஒன்பதாவதுக்கு ஆங்கிலம் மட்டுமே. தமிழ் வழியில் படிக்கிறவனுக்கு அது லேசில்லை.

என் ஓட்டு அடுத்த வருஷத்துக்கு. மொத்தம் 300 மதிப்பெண்ணில் கணக்குக்கே 150. இவன் பின்னத்தில் இன்னும் தடுமாறுகிறான். அப்போது தேறினால் ஆறாவதை மறுபடி படிக்க வேண்டும்தான், பரவாயில்லை. அது விடுதிப் பள்ளி. இவனோ அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். அக்காவும் தலையாட்டினாள். பயிற்சி மையத்துக்கு மட்டும் இந்த வாரமே முன்பணம் கட்டிவிட்டாள்.