எமது இல்லத்து ஞமலி

நாயைக் குறிக்க நம் முன்னோர் ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் எனப் பல பெயர்களை வழங்கினர். நிகண்டு வாயிலாக அவற்றை மனனஞ் செய்த யாம், அவ்விலங்கை ஒருநாளேனும் வளர்த்தறியோம். பெயரறிதல் வேறு, பொருளறிதல் வேறு என்பதை எமக்கு உணர்த்தியது நான்கு திங்கட் பருவமுடைய ஒரு பெட்டைக் குட்டி. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

திருவரங்கத்தின் வடபால், கொள்ளிடக் கரையை அடுத்து, கைவிடப்பட்ட விலங்குகளைப் பேணும் சிறு காப்பகம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு ஆனித் திங்களில் ஆங்குச் சென்றோம். அமைதியாய்க் கிடந்த குட்டிகள் பலவிருக்க, கம்பியின்மேல் தாவித் தாவி எம் விரலை நக்கிய செந்நிறக் குட்டியே எமது உள்ளத்தைக் கவர்ந்தது.

"தம்பி, இது இரண்டு வீடுகளுக்குப் போய் இருமுறையும் திரும்பி வந்த குட்டி. ஓட்டம் மிகுதி. நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார் காப்பகத்து முதியவர்.

யாம் யோசித்தோமல்லோம். வெறிநோய்த் தடுப்பூசி இட்ட சீட்டைப் பெற்றுக்கொண்டு, ஆறு திங்கள் நிரம்பியதும் கருத்தடை செய்விப்போம் என்னும் தாளிற் கையொப்பமிட்டோம். சென்னையில் 1959-ஆம் ஆண்டு தோன்றிய புளூ கிராஸ் சங்கம், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாக 1964-இல் இம்முறையைத் தொடங்கியது; 2001-இல் அதுவே நடுவணரசின் விதியாயிற்று; 2023-இல் அவ்விதிகள் புதுக்கப்பெற்றன. இவற்றையெல்லாம் நண்பர்க்கு எடுத்துரைத்து, ஓருயிரைக் காத்தேம் என்று பெருமிதமுங் கொண்டோம். குட்டிக்கு மின்னல் எனப் பெயரிட்டோம்.

பெயர் பொருந்தியதே வினையாயிற்று. உறையூரில் உள்ள எம் இல்லத்திலே முதல்நாள் தந்தையாரின் செருப்பும், மறுநாள் கொடியில் உலர்ந்த அன்னையாரின் சேலையும் அதன் பல்லுக்கு இரையாயின. ஆகவே கொய்யா மரத்தடியிற் சங்கிலியாற் பிணித்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்றோம். அது பகலெல்லாம் குரைக்க, அண்டை வீட்டார் முணுமுணுத்தனர். மாலையில் அவிழ்த்துவிட்டால் முன்னினும் இருமடங்கு துள்ளிற்று. இருபதாம் நாள், பாட்டனார் எமக்களித்த தொல்காப்பியப் பொருளதிகார உரைநூலைக் கடித்துக் குதறியது. அன்று காலை ஞாயிறு வகுப்புச் சிறுவர்க்கு இரக்கத்தைப் பற்றி உரையாற்றிய யாமே, அன்று பிற்பகல் அக்குட்டியைத் திருப்பி ஒப்படைக்கத் துணிந்தோம்.

கூடையில் வைத்து ஆட்டோவில் ஏறினோம். மலைக்கோட்டையைக் கடக்கும்வரை கூடையை அசைத்துக் கொண்டிருந்த குட்டி, காவிரிப் பாலங் கடந்து இராசகோபுரம் அணுகியபோது அடங்கிவிட்டது. காப்பக வாயிலில் இறக்கியதும் எம் கால்களுக்கிடையே நுழைந்து நடுங்கிற்று. அது வழியை அறிந்ததோ, ஆங்குள்ள நாய்களின் மணத்தை அறிந்ததோ யாம் கூறமாட்டோம். மூன்றாம் முறையாக அவ்வாயிலுக்கு அது வந்தது என்பது மட்டும் எமக்கு நினைவு வந்தது.

முதியவர் எம்மைக் கடிந்தாரல்லர். "காலையில் எவ்வளவு நேரம் ஓடவிட்டீர்கள், தம்பி?" என்று மட்டும் வினவினார்.

"கட்டித்தான் வைத்திருந்தோம், ஐயா" என்றோம்.

"பகலெல்லாம் கட்டிக்கிடந்தால் அதன் ஓட்டம் எங்கே போகும்? பல்லுக்குத்தான் வரும்" என்றார்.

எமக்கு நாணம் மேலிட்டது. எம் சோம்பலுக்கு அதன் துடுக்கு எனப் பெயரிட்டு, அதற்கான தண்டனையையும் அக்குட்டிக்கே விதிக்க வந்தோம் அன்றோ! கூடையை அங்கேயே விட்டுவிட்டுக் குட்டியை மடியில் வைத்து இல்லம் மீண்டோம். தந்தையார் ஒன்றுங் கூறாது, ஒரு நீண்ட வாரினை வாங்கி வந்து எம் மேசைமேல் வைத்தார்.

அன்றுதொட்டு நாடோறும் ஐந்து மணிக்கு எழுந்து, வார் பிடித்துக் குடமுருட்டிக் கரையிலே ஒரு மணி நேரம் அதனுடன் ஓடுகின்றோம். கடிப்பதற்கெனப் பழைய கயிற்றை முடிச்சிட்டுத் தந்தோம். ஒரு திங்களிற் பகற் குரைப்பு அடங்கிற்று, துள்ளல் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டா. கையொப்பமிட்டவாறே ஆறாந் திங்களிற் கருத்தடையும் செய்வித்தோம்.

குட்டி வளர்க்க விழையும் எம் தோழர், தம் இரக்கத்தை அளப்பதன்முன் தமது விடியற்பொழுதை அளந்து பார்ப்பாராக. ஏற்றுக்கொள்ளுதல் ஒருநாட் செயல். வைத்துக்கொள்ளுதல் நாடோறுஞ் செய்வது. பல் பதிந்த அவ்வுரைநூலைக் கொண்டே இவ்வாண்டும் பாடம் பயில்கின்றோம். கிழிந்த பக்கங்களை மட்டும் நூலகப் படியைப் பார்த்து எழுதிச் சேர்த்துள்ளோம்.