பாடம் ஓரிடம், ஜாகை ஓரிடம்

ஐந்து நாள் பயிற்சிக்கு வரும்படி கடிதம் கிடைத்தவருக்குப் பாடத்தைப் பற்றிய கவலை கடைசியில்தான் வருகிறது. எந்த ரயில், எந்த பஸ், ராத்திரி எங்கே படுப்பது, காரில் போனால் அதை எங்கே நிறுத்துவது - இவ்வளவும் தீர்ந்த பிறகு மிஞ்சுகிற மூளையைத்தான் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிறது.

நான் தென்காசியில் குடியிருக்கிறேன். ஆகையால் இந்த விஷயத்தில் யோசனை கேட்டு எனக்குக் கடிதங்கள் வருவது வழக்கம். நாவல் எழுதுகிறவனுக்கு அறை பிடிக்கவும் தெரியும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை!

மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் ஏற்பட்டது. அதன் தலைமை இடம் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வரும் வழியில் அபிஷேகப்பட்டியில். சுற்றுச்சூழல் அறிவியலுக்கான மையமோ ஆழ்வார்குறிச்சியில். மலையையும் காட்டையும் ஆற்றையும் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் அகப்படாது. மேற்கே நிமிர்ந்தால் பொதிகைத் தொடர். பக்கத்தில் கடனா நதி. சற்றுத் தள்ளிச் சிவசைலத்தில் பரமகல்யாணி அம்மன் கோயில். மையத்துக்கும் அவள் பெயர்தான். அடுத்துள்ள கடையத்தில் பாரதியார் 1918 முதல் 1920 வரை இருந்தார். எல்லாம் சரி. ஆனால் வெளியூர்க்காரர் இந்த வட்டாரத்தில் தங்குவது என்றால் அவர் வாயில் வருகிற பெயர் குற்றாலம் ஒன்றுதான்.

ஆழ்வார்குறிச்சிக்கும் தென்காசிக்கும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அதற்கு மேல் 5 கிலோமீட்டர் குற்றாலம். கணக்கில் இது தூரமே அல்ல. ஆனால் ஆனி, ஆடியில் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மலையாளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சத்தைச் சாரலாக இந்தப் பக்கம் தூவுகிறது. அந்த மிச்சத்துக்காகத் தமிழ்நாடே திரண்டு வருகிறது! கார்த்திகை, மார்கழியிலோ சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள். இந்த இரண்டு காலங்களில் குற்றாலத்தில் அறை தேடுவது, பேரருவியின் கீழே நின்றுகொண்டு கைக்குட்டையை உலர்த்துவது போன்ற காரியம்.

சென்ற ஆடியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். கணவர் புதுக் கார் வாங்கியிருந்தார். மனைவி படிக்கட்டும், நாம் இரண்டு நாள் அருவியில் குளித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்பது அவருடைய உத்தேசம். ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்துவதற்காக மட்டும் இரண்டு மணி நேரம் ஊர்ந்தார்கள். கடைசியில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறவர் காட்டிய இடம் அருவிக்கு நெடுந்தூரத்தில். காரை அங்கே விட்டுவிட்டு, துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாகச் சாரலில் நடந்தார்கள். கார் வைத்திருப்பவன் நடக்கிற நடை கார் இல்லாதவனுக்கு ஒருநாளும் வாய்ப்பதில்லை.

இது சிரிக்கக்கூடிய கஷ்டம். மற்றது அப்படியல்ல. கணவர் ஊருக்குப் புறப்படப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த விடுதிக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் எனக்கு டெலிபோன் செய்தார். நான் விடுதிக்காரரிடம் பேசினேன்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. தனியா வார பொம்பளையாளுக்கு நாங்க ரூம் கொடுக்கிறதில்லை."

"அவங்க காலேஜ் டீச்சர். பயிற்சிக்கு வந்திருக்காங்க."

"யாரா இருந்தா என்ன அண்ணாச்சி? சீசன் நேரம். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுறது?"

மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாயிற்று. எம்.எஸ்ஸி. பட்டமும், பத்து வருஷ அனுபவமும், கைப்பையில் பயிற்சிக் கடிதமும் வைத்திருக்கிற ஒரு பெண்மணி, கணவரின் கார் திரும்பிப் போகிற நிமிஷத்தில் சந்தேகத்துக்கு உரியவராகிவிடுகிறார். "பேசாமல் நானும் இவரோடு ஊருக்கே போய்விடட்டுமா சார்?" என்று அவர் கேட்டபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இப்படித் திரும்பிப் போனவர்கள் எந்த வருகைப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். முதலில் சத்திரம் கட்டினார்கள். மதுரை ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் 1954-ல் காலமாகும் வரை குற்றாலத்தில் ஒரு பல்கலைக்கழகமே நடத்தினார் என்று சொல்லலாம். பட்டம் கிடையாது, கட்டணம் கிடையாது. கம்பனைக் கேட்கப் போனவருக்கு அந்த வீட்டிலேயே இலை போட்டார்கள். ராஜாஜி, கல்கி போன்றவர்களெல்லாம் அங்கே விருந்தாளிகள். பாடமும் ஜாகையும் ஒரே கூரையின் கீழ். இப்போது நாம் பாடத்துக்குக் கட்டடம் எழுப்புகிறோம். ராத்திரியை விடுதிக்காரர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம்.

அந்த அம்மாளை நான் ஊருக்குப் போக விடவில்லை. கல்லிடைக்குறிச்சியில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது, தனிக்கட்டை, பெரிய வீடு. "ரயிலடிக்கு ஆளனுப்பட்டுமா?" என்பதைத் தவிர அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிற பாசஞ்சர் வண்டி கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி என்று வரிசையாக நின்று வருகிறது. 2012-ல் அகலப்பாதையான பிறகு இந்தப் பிரயாணம் இன்னும் சௌகரியம். மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் போதும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் தாமிரபரணி வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். அருவிக் கூட்டத்தின் சாயல்கூட இந்தப் பக்கம் இல்லை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் தென்காசியில் இறங்கி, அங்கிருந்து கடையம் வழியாக பஸ்ஸில் போய்விடலாம்.

கார் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆழ்வார்குறிச்சியில் பிறந்த அனந்தராமகிருஷ்ணன்தான் சென்னையில் சிம்சன் கம்பெனியைப் பெரிதாக்கி, என்ஜினும் டிராக்டருமாக நாட்டுக்கு அனுப்பியவர். ஆனாலும் பழைய அக்கிரகாரத் தெரு பழைய அக்கிரகாரத் தெருதான். அங்கே காரை நிறுத்தினால் யாராவது ஒருத்தியின் கோலத்தின் மேல்தான் நிறுத்த வேண்டும்.

பயிற்சி முடிந்து அந்த அம்மாள் ஊருக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்தார். மலையைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் நோட்டுப் புஸ்தகம் நிறைய எழுதியிருந்தார். கூடவே ஒரு கட்டு அப்பளம், அத்தை கொடுத்தனுப்பியது. மார்கழியில் இன்னொரு பயிற்சி இருக்கிறதாம். இரண்டு சிநேகிதிகளும் வர ஆசைப்படுகிறார்களாம். அத்தைக்குச் சொல்லியனுப்பினேன். கூடத்தில் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், போர்வை மட்டும் கொண்டுவரச் சொல் என்று பதில் வந்திருக்கிறது.