லெவல் எட்டு எவ்வளவு?

ஜூன் 3, செவ்வாய்

அண்ணா நகர் ஜிம். ஸ்பின் கிளாஸ் நடக்கும்போதே சைக்கிள்களைப் பார்க்கவேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். "எல்லாரும் அரைச் சுற்று ஏத்துங்க" என்று மாஸ்டர் கத்தினார். ஜன்னலோரத்துப் பெண் அரைச் சுற்று திருப்பியதும் எழுந்து நின்று மிதிக்கவேண்டியதாயிற்று. பக்கத்து சைக்கிள் பையன் அதே அரைச் சுற்றைத் திருப்பிவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே மிதித்தான். மாஸ்டர் அவனைச் சோம்பேறி என்கிறார். பாவம், அவன் என்ன செய்வான்?

இவை கம்பளி பேட் சைக்கிள்கள். நாப்பைத் திருகினால் பேட் இறங்கி ஃப்ளைவீலை அழுத்தும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு சைக்கிளில் பேட் தேய்ந்து பாதியாகிவிட்டது. இன்னொன்றில் வியர்வையும் தூசியும் சேர்ந்து, கண்ணாடி மாதிரி மினுங்கும் அளவுக்கு இறுகிப்போயிருந்தது. மூன்றாவதில் கீச்சென்று சத்தம் வருகிறது என்று யாரோ எண்ணெய் அடித்திருக்கிறார்கள். சத்தத்தோடு லோடும் போய்விட்டது. நல்ல பேட்டாகவே இருந்தாலும், அரை மணி நேரம் தேய்ந்து சூடேறியபின் அதன் பிடி மாறிவிடும். நாப்பில் கோடும் கிடையாது, எண்ணும் கிடையாது. இதில் "அரைச் சுற்று" என்பது வெறும் பேச்சு.

வரிசை முழுக்க ஒரே நாளில் பேட் மாற்றிவிடலாம் என்றேன். ஓனர் இரண்டு சைக்கிளுக்கு மட்டும் போதும் என்றார். புதுசும் பழசும் கலந்தால் சண்டை இன்னும் கூடும் என்று சொன்னபிறகுதான் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 4, புதன்

மயிலாப்பூரில் ஒரு வீடு. ஐயா பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மாவுக்கு மார்ச்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மோட்டார் வைத்த காந்த சைக்கிள், டிஸ்பிளேயில் வாட் காட்டும்.

"தம்பி, டாக்டர் அம்பது வாட்னு எழுதிக் குடுத்திருக்கார். இந்தப் பொட்டியும் அம்பதுன்னு காட்டுது. ரெண்டும் ஒண்ணுதானா?"

எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி. வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடலாம் என்று மூடியைக் கழற்றினேன். உள்ளே ஃப்ளைவீலின் விளிம்பை ஒட்டி வளைந்த இரும்புப் பட்டை. அதில் காந்தங்கள் ஒட்டியிருக்கும். ஒரு முனை கீலில் ஆடும், மறு முனையைச் சின்ன மோட்டார் கேபிளால் இழுக்கும். பட்டை சக்கரத்தை நெருங்கினால் லோடு கூடும், விலகினால் குறையும். நெருங்கியிருக்கும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே கால் உணரும். தள்ளியிருக்கும்போது அதே அரை மில்லிமீட்டர் தெரியவே தெரியாது.

கேபிளைப் பட்டையிலிருந்து கழற்றிவிட்டு, ஐயாவை ஏறி மிதிக்கச் சொன்னேன். காலுக்கு ஒன்றுமே இல்லை, காற்றில் மிதிப்பதுபோலத்தான். டிஸ்பிளே மட்டும் அதே ஐம்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. ஐயா இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறி மிதித்தார். அதே ஐம்பது.

விசையை அளக்கும் சாமான் எதுவும் இதில் கிடையாது. எந்த லெவல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற இரண்டை மட்டும் பார்த்து, கம்பெனியில் ஏற்றிவைத்த அட்டவணையிலிருந்து ஒரு எண்ணை எடுத்துப் போடுகிறது. கேபிள் தளர்ந்தாலோ கீல் தேய்ந்தாலோ அட்டவணைக்குத் தெரியாது. இந்த வீட்டில் கீலின் புஷ் தேய்ந்து பட்டை பக்கவாட்டில் ஆடுகிறது. புஷ் வரும்வரை டிஸ்பிளேயை நம்பவேண்டாம், நாடியையும் மூச்சையும் பார்த்துக்கொள்ளுங்கள், பிசியோதெரபிஸ்ட்டிடமும் இதைச் சொல்லுங்கள் என்றேன். அம்மா, "நான் முதல் நாளே சொன்னேன், ஒரு நாள் கனக்குது ஒரு நாள் லேசா இருக்குன்னு. இவர்தான் கேக்கலே" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

வேலை இல்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை.

காந்தம்தான் எதையும் தொடுவதில்லையே, அது எப்படி மாறும் என்று கேட்பவர்கள் உண்டு. காந்தத்தின் முன்னால் உலோகம் சுழன்றால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து சுழற்சியை எதிர்க்கும். ஃபூக்கோ 1855-லேயே காட்டியது. அப்படி எதிர்க்கும்போது மிதிப்பவரின் உழைப்பு முழுக்க விளிம்பில் சூடாகிறது. அலுமினிய விளிம்பு 10 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். மின்தடை கூடினால் சுழல் மின்னோட்டம் குறையும், பிடியும் குறையும். விளிம்பு 30 டிகிரி ஏறிவிட்டால் பிடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கடைசி பத்து நிமிடம் சுலபமாக இருப்பதைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் இதைச் சொல்வதற்கு எனக்கு மனசு வருவதில்லை.

வேகத்தின் கணக்கு தனி. ஒரே செட்டிங்கில் நிமிடத்துக்கு 60 சுற்றிலிருந்து 90-க்குப் போனால், பேட் சைக்கிளில் வாட் ஒன்றரை மடங்காகும். காந்த சைக்கிளில், சாதாரண வேகத்தில், இரண்டே கால் மடங்கு. காற்றாடி வைத்ததில் மூன்று மடங்குக்கும் மேல். அதனால் லெவலை மட்டும் சொல்லி வேகத்தைச் சொல்லாதவர் பாதி தகவலைத்தான் சொல்கிறார்.

ஜூன் 9, திங்கள்

உடற்கல்விக் கல்லூரி ஒன்றின் ஆய்வகம். பழைய மொனார்க் சைக்கிள், ஸ்வீடன் சரக்கு. பார்த்ததும் கும்பிடத் தோன்றியது. 1954-ல் ஃபான் டோபெல்ன் எழுதிய வடிவமைப்பின் வழி வந்தது. சக்கரத்தைச் சுற்றி ஒரு பெல்ட், பெல்ட்டின் இழுப்பை நேரடியாகக் காட்டும் ஊசல் தராசு. சக்கரத்தின் சுற்றளவும் பல் கணக்கும் சேர்ந்து, பெடல் ஒரு சுற்று சுற்றினால் விளிம்பு 6 மீட்டர் ஓடும். ஒரு கிலோ இழுப்பில் 60 சுற்று என்றால் நிமிடத்துக்கு 360 கிலோகிராம்-மீட்டர், அதாவது 59 வாட். காகிதமும் பென்சிலும் போதும்.

இதிலும் பெல்ட் சூடாகும், பிடி மாறும். ஆனால் மாறுவது ஊசலில் தெரிகிறது. நாப்பைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். லேப் அண்ணன் பெல்ட்டைக் கழற்றி, கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தி, 4 கிலோ எடையைத் தொங்கவிட்டார். ஊசல் 4-க்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. ஒரு ஸ்க்ரூவைத் தொட்டார், முடிந்தது. "நீங்க எதுக்குண்ணே என்னைக் கூப்பிட்டீங்க?" என்றேன். பெடல் பேரிங்காம். சங்கிலியில் போகும் இழப்பு மட்டும் இந்தக் கணக்கில் வராது, அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கும் முன்னால், 1913-லேயே, கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோ மின்காந்த பிரேக்கும் எடைகளும் வைத்து ஒரு சைக்கிள் செய்துவிட்டார். பிரேக் எதுவானாலும் இழுப்பை எடைபோடு என்பதே அவர் வழி. இன்றைய விலை உயர்ந்த சைக்கிள்களில் எடைக்குப் பதில் ஸ்ட்ரெயின் கேஜ் இருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

அண்ணா நகர் ஓனர் புதுக் கிளைக்கு எது வாங்கலாம் என்று கேட்டு இரண்டு பிரசுரங்கள் அனுப்பினார். ஒன்றில் "32 லெவல்" என்று கொட்டை எழுத்து. 32 என்பது படிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம் என்று எங்கும் போடவில்லை. ஐ.எஸ்.ஓ. 20957-இன் ஐந்தாம் பகுதியில் இந்தச் சைக்கிள்களுக்கு ஏ, பி, சி என்று துல்லிய வகுப்புகள் உண்டு. ஏ தான் உயர்ந்தது. அந்த எழுத்து பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவில்கூட இல்லை.

நூறு வாட் என்று வைத்தால் நூறிலேயே நிறுத்தும் சைக்கிளும் கேட்டார். அதில் வேகம் குறைந்தால் வாட்டைக் காப்பாற்ற பிரேக் இறுகும்; இறுகினால் இன்னும் வேகம் குறையும்; கடைசியில் கால் நின்றுவிடும். ஆஸ்பத்திரி டெஸ்ட்டுக்குச் சரி, பாட்டுப் போட்டு ஆடும் கிளாஸுக்கு வேண்டாம் என்றேன்.

என் கட்சி இதுதான்: ஜிம்முக்கு வருகிறவருக்கு, தினமும் ஒரே அளவு தப்பாகக் காட்டும் சைக்கிள் போதும். ஐந்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் ரயில் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். மயிலாப்பூர் அம்மாவுக்கு அது போதாது. அவருக்கு ஐம்பது என்றால் ஐம்பதாக இருக்கவேண்டும்.

ஜூன் 14, சனி

புஷ் வந்தது. மயிலாப்பூரில் மாட்டி, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து இரு பக்கமும் சமமாக்கினேன். பிறகு லெவல் ஐந்தில் வைத்து, 60 சுற்றுக்கு ஏற்றி, காலை எடுத்துவிட்டு ஃப்ளைவீல் நிற்க எத்தனை வினாடி என்று ஐயாவைக் கைக்கடிகாரத்தில் பார்க்கச் சொன்னேன். ஆறியிருக்கும்போது ஒரு தரம், இருபது நிமிடம் மிதித்தபின் ஒரு தரம். வாட் இதில் தெரியாது; போன மாதம் இருந்தபடியே இருக்கிறதா என்பது தெரியும். ஐயா தேதி போட்டு லெட்ஜர் மாதிரி எழுதிவைத்துக்கொண்டார். மருத்துவமனை சைக்கிளில் உண்மையான ஐம்பதில் அம்மாவை ஓட்டவைத்து, அப்போதைய நாடித்துடிப்பை எழுதித் தருவதாக பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறாராம். நல்ல யோசனை.

சாயங்காலம் அண்ணா நகரிலிருந்து போன். 32 லெவல் சைக்கிளையே ஆர்டர் செய்துவிட்டாராம். டிஸ்பிளே பெரிசு, கலர் வேறு. சர்வீஸ் கான்ட்ராக்ட் எனக்குத்தான் என்றார். ரேட்டைக் கொஞ்சம் ஏற்றியே சொன்னேன்.