புண்ணாக்கின் பதம்

சோயா புண்ணாக்கு லோடு வந்து நின்றால், லேப் சீட்டில் புரதம் 46 சதவீதம் இருக்கிறதா என்றுதான் பல்லடம் பக்கத்துத் தீவன மில்களில் முதலில் கேட்பார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. புண்ணாக்கு எந்தப் பதத்தில் வெந்திருக்கிறது என்று தெரியாமல் மூட்டையை இறக்க எனக்கு மனம் வராது.

பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. கோழியின் குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினை அது முடக்கிவிடும். ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரந்து வீங்கும். சதைக்குப் போக வேண்டியது எச்சத்தில் போகும். வேகவைத்த சோயாவில்தான் எலிகள் ஒழுங்காக வளர்கின்றன என்று ஆய்வாளர்கள் ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-லேயே காட்டிவிட்டார்கள். ஆறு வாரத்துக்குள் விற்பனைக்குப் போகும் கறிக்கோழிக்கு, குஞ்சுப் பருவத்தில் விட்டதைப் பிடிக்க நாள் ஏது?

சரி, நன்றாகவே வேகட்டும் என்றால் அதிலும் கேடு உண்டு. சூடு மிஞ்சினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்துபோகும். சீட்டில் அதே 46 நிற்கும், உடம்பில் சேராது. மக்காச்சோளத்தில் போதாத லைசினுக்காகத்தானே சோயாவையே வாங்குகிறோம்!

அதனால் பதம் பார்க்க, ஒரு தட்டில் புண்ணாக்கைப் பரப்பி, யூரியாவும் ஃபீனால் ரெட்டும் கலந்த தேன்நிறக் கரைசலால் நனைத்து ஐந்து நிமிடம் விடுவேன். வேக்காடு குறைந்த துகளில், டிரிப்சின் தடுப்பானைப் போலவே சூட்டில் அழிய வேண்டிய யூரியேஸ் நொதி அழியாமல் இருக்கும். அதைச் சுற்றிச் சிவப்புப் புள்ளி பூக்கும். தட்டு பெரும்பாலும் சிவந்துவிட்டால் லோடைத் திருப்ப வேண்டியதுதான். அங்கங்கே சில புள்ளிகள் தெரிந்தால் அதுதான் நான் தேடும் பதம். நேரம் கொடுத்தும் ஒரு புள்ளிகூட வராவிட்டால் பலர் நிம்மதி அடைவார்கள். எனக்கோ அப்போதுதான் சந்தேகம் பிறக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதம் எவ்வளவு கரைகிறது என்று லேபில் பார்க்கச் சொல்வேன். 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சூடு மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

சோயா விலை ஏறும்போது பருப்பு மில் பொட்டின் மேல் எல்லோர் கண்ணும் விழும். துவரம் பொட்டும் உளுந்தம் பொட்டும் நல்ல பொருள்கள்தான். மாடு அசைபோட்டுச் செரித்துவிடும். கோழிக்கு அந்த வயிறு இல்லை. ஆகவே சலித்துத் தோலைக் கழித்து, குருணையை மட்டும் வறுத்து, ஃபினிஷர் எனும் கடைசிக் கட்டத் தீவனத்தில் கொஞ்சமாகச் சேர்ப்பதே என் வழக்கம். குஞ்சுத் தீவனத்தில் அதைத் தொடவே மாட்டேன்.

சோயாவுக்கு மாற்றாக நான் மிகவும் மதிப்பது கொத்தவரை கோர்மாவைத்தான். ராஜஸ்தான் பக்கம் கொத்தவரை விதையில் பிசினுக்கான பகுதியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் முளைப்பகுதி அது. புரதம் 50-ஐ ஒட்டி வரும். வறுத்த கோர்மாவாகவே வாங்க வேண்டும். வறுத்தாலும் மிச்சப் பிசின் போகாது. குடலில் கொழகொழத்து எச்சத்தைப் பிசுபிசுப்பாக்கும், ஷெட் தரையில் விரித்த கூளம் ஈரமாகி உள்ளங்காலில் புண் வரும். பிசினை உடைக்கும் மன்னனேஸ் நொதி சேர்த்தால் பெரிதும் அடங்கும்.

அதனால் புது லோடு கோர்மாவை முதலில் ஒரே ஷெட்டில், ஃபினிஷரில் மட்டும் 2 சதவீதம் போடச் சொல்வேன். சில நாள் கழித்துத் தண்ணீர்க் குழாய்க்குத் தள்ளி இருக்கும் கூளத்தை ஒரு கை அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் அளவைக் கூட்டலாம். உருண்டையாகவே நின்றால் அன்றே குறைக்கச் சொல்லிவிடுவேன்.