அடுக்களையில் ஓடிய மோட்டார் சைக்கிள்

வீட்டில் ஒரு பொருள் குறைந்தால் முதலில் யார் மேல் சந்தேகம் விழும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. சர்க்கரை குறைந்தால் குழந்தை மேல். சட்டைப் பையில் சில்லறை குறைந்தால் மனைவி மேல். சமையல் காஸ் குறைந்தால்? கேட்கவே வேண்டாம், மருமகள் மேல்தான்!

2021 ஜூலை மாதம் அம்பத்தூரில் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. வழக்கமாக 45 நாள் வருகிற 14.2 கிலோ சிலிண்டர், 16-ஆம் நாள் காலையில் பால் பொங்குவதற்கு முன்பே அடங்கிவிட்டது.

"பதினாறாம் நாளா? நல்ல கணக்குதான் போ!" என்று என் மாமியார் முகத்தைச் சுளித்துக் கொண்டார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். அப்பொழுது பத்திரிகை அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே எழுதிக் கொண்டிருந்தேன். பத்திக்கு ஒரு காப்பி என்ற விகிதத்தில் என் எழுத்து வேலை நடந்தது உண்மைதான். ஆனால் காப்பி போட்டே ஒரு சிலிண்டரைக் காலி செய்ய வேண்டுமானால் நான் நாவலல்லவா எழுதியிருக்க வேண்டும்!

"ரெகுலேட்டரில் கசிவு இருக்குமோ?" என்றேன்.

"கசிந்தால் வாசனை வராதா?" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே. அவர் அன்று ஏன் தலையை எடுக்கவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை. போக வர 40 கிலோமீட்டர். ஆவடி, பருத்திப்பட்டு வழியாகப் பழைய 100 சிசி மோட்டார் சைக்கிளில் போய் வருவார். கொரோனா காலத்தில் சம்பளத்தில் ஒரு பகுதி வெட்டு விழுந்தது. அதே ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. வாய்விட்டுக் குறை சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. மனசுக்குள்ளேயே கணக்குப் போடுவார். அதுதான் ஆபத்து!

ஆடி வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். கொல்லைப் புறத்துத் துளசி மாடத்தில் விளக்கேற்ற என் மாமியார் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் விட்டாயிற்று, திரி போட்டாயிற்று, கையில் தீப்பெட்டி. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சோழிகளை உருட்டிக் கொண்டிருந்த என் பெண், ஆறு வயசுக் குழந்தை, மூக்கைப் பிடித்துக் கொண்டு, "பாட்டி, அடுப்பு வாசனை அடிக்குது!" என்றாள்.

"எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே, கண்ணு" என்று பாட்டி தீப்பெட்டியைத் திறந்தார்.

அவருக்கு எப்படி அடிக்கும்? மே மாதம் கொரோனா வந்து பிழைத்தெழுந்தவர் அவர். உடம்பு தேறியது, மூக்கு மட்டும் தேறவில்லை. மல்லிகைப் பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு மாதமாக நடமாடிக் கொண்டிருந்தார்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பது நினைவில்லை. அத்தையின் கையைப் பற்றித் தீப்பெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். குழந்தையை ஒரு கையிலும் அவரை ஒரு கையிலுமாக இழுத்துக் கொண்டு தெருவுக்கு ஓடினேன். தெருவில் நின்ற பிறகுதான் கால்கள் நடுங்க ஆரம்பித்தன.

கசிந்தது அடுக்களையிலிருந்து அல்ல. கொல்லையில் மோட்டார் சைக்கிள் நிற்கும் கொட்டகையிலிருந்து. உள்ளே, வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில், ஒரு சின்னச் சிலிண்டர்! அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சினை நோக்கிப் போயிற்று.

இரவு வெகு நேரம் அவர் பேசவில்லை. பிறகு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் கணக்கு இருந்தது. நேயர்களே, கணக்கைச் சொல்கிறேன். ஏனென்றால் அதில் தப்பே இல்லை. தப்பில்லாத கணக்குதான் மனிதனைத் தப்பான வழியில் இழுத்துச் செல்கிறது.

அன்றைய விலையில் சிலிண்டர் 850 ரூபாய். அதாவது காஸ் கிலோ 60 ரூபாய். எரிசக்தியில் ஒரு கிலோ காஸ் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அதன் விலையோ 140 ரூபாய்! தினம் 40 கிலோமீட்டருக்கு 80 ரூபாய்ப் பெட்ரோல். அதே தூரத்துக்குக் காஸ் ஒன்றரைப் பலகாரத்துக்கு ஆகிற செலவு, 35 ரூபாய். மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் அதே கணக்கை இன்னொரு வரி போட்டிருந்தால், அந்த 25 நாளுக்கு 14 கிலோ காஸ், அதாவது ஒரு முழுச் சிலிண்டர் போகிறது என்பதும் தெரிந்திருக்கும். 45 நாள் கணக்கு 16 நாளாகச் சுருங்கிய மர்மம் அங்கேதான் இருந்தது. அந்த வரியைப் போடாததால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானாகிவிட்டேன்!

"ஆவடியில் 1965-லேயே விஜயந்தா டாங்கி செய்தார்கள். நான் ஒரு சின்ன டாங்கி வைத்து ஓட்டக் கூடாதா?" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆவடியில் காஸ் ஆட்டோக்களைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் இருவரும் போனோம். அவர் என் கணவரைத் திட்டவில்லை. "நீங்க நெனச்சது தப்பில்லை சார், செஞ்சதுதான் தப்பு" என்றார். பிறகு எனக்கும் விளங்கும்படி சொன்னார்.

எஞ்சின் குடிப்பது பெட்ரோலை அல்ல. பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையை. அந்தக் கலவையைச் சேர்த்துக் கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. காஸ் தானே ஆவியாக வருகிறது. ஒரு கிலோ காஸுக்குப் பதினைந்தரைக் கிலோ காற்று என்று சரியாகச் சேர்த்தால் எந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஓடும். யுத்த காலத்தில் நம் ஊர்களில் பின்னால் அடுப்பைக் கட்டிக் கொண்டு கரி வாயுவில் பஸ்கள் ஓடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதன் நாகரிகமான தம்பிதான் இது. கொஞ்சம் இழுவை குறையும், புகை குறையும். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோ என்றால் இன்னொரு சங்கடம். அதில் பெட்ரோலோடு கலந்துதான் எண்ணெய் போகிறது. பெட்ரோலை நிறுத்தினால் எண்ணெயும் நின்று எஞ்சின் இறுகிப் போகும். அதற்குத் தனி எண்ணெய்ப் பம்பு வேண்டும்.

"சிலிண்டர் வேர்த்துதா சார்?" என்று கேட்டார் பெரியவர்.

"வேர்த்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது."

"அதான்! திரவம் ஆவியாக வெப்பம் வேணும். அதைச் சிலிண்டர் உடம்பிலேருந்தே எடுத்துக்கும். குளிரக் குளிர அழுத்தம் இறங்கும், வண்டி திணறும்."

ஆட்டோவில் இருக்கும் டாங்கி அடுக்களைச் சிலிண்டர் போன்றதல்ல. அதிலிருந்து திரவம் வரும். வழியில் ஒரு கருவி அதைச் சூடு கொடுத்து ஆவியாக்கி, அழுத்தத்தைத் தணித்து அனுப்பும். எஞ்சின் நின்றால் மின் வால்வு தானே மூடிக் கொள்ளும். டாங்கியை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது. வெயிலில் திரவம் விரிந்து கொள்ள மீதி இடம் வேண்டும். எங்கள் கொட்டகையில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்கு மாற்றியபோது 80-ம் இல்லை, வால்வும் இல்லை. கண் திட்டம் மட்டுமே இருந்தது.

வண்டிகளில் காஸ் உபயோகிக்க நம் நாட்டில் 2000-ல் சட்டம் அனுமதி கொடுத்தது. ஆனால் அங்கீகாரம் பெற்ற சாதனத்தை, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பதிவுப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும். வீட்டுச் சிலிண்டரை வண்டியில் வைப்பது குற்றம்.

நான் கேட்டது ஒரே கேள்வி: "எனக்கு முன்னால் குழந்தைக்கு எப்படி வாசனை தெரிந்தது?"

"கீழே உக்காந்திருந்துச்சில்லம்மா! இந்த காஸ் காத்தை விடக் கனம். தண்ணி மாதிரி தரையோட ஓடும், பள்ளத்தில் தங்கும்."

நேயர்களே, காஸுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே எதில் மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைச் சிறிது சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் அடித்தால் விளக்கைப் போடாதீர்கள், எரிகிற விளக்கை அணைக்கவும் ஸ்விச்சைத் தொடாதீர்கள், மின்விசிறி வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து விட்டு, சிலிண்டரை மூட முடிந்தால் மூடி, எல்லோரும் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் மூக்கு மந்தமான பெரியவர்கள் இருந்தால், விளக்கேற்றும் முன் ஒரு குழந்தையை அழைத்து மோந்து பார்க்கச் சொல்வதில் வெட்கமில்லை.

பெரியவர் மோட்டார் சைக்கிளுக்குக் காஸ் வைக்க மறுத்துவிட்டார். "காலுக்கு நடுவே அதை வச்சுக்கிட்டு பூந்தமல்லி ரோட்டிலே போற சமாசாரம் எனக்குச் சம்மதமில்லை" என்றார். என் கணவர் வண்டியை மறுபடி பெட்ரோலுக்கு மாற்றினார். வாரம் மூன்று நாள் பஸ்ஸில் போகத் தொடங்கினார். மிச்சப்படுத்த வேண்டிய ஆயிரம் ரூபாயை எப்படி மிச்சப்படுத்துவது என்று முதல் தடவையாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் பாரத்தை அவர் மட்டும் சுமந்தது எனக்குக் கோபம். நான் கேட்காமல் விட்டது எனக்கே வெட்கம்.

மாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மாமியார்கள் கேட்பதில்லை. ஆனால் அன்று முதல் பிற்பகல் காப்பியை அவரே போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் எழுதிக் கொண்டே பாலை மறந்துவிட்டேன். கூடத்திலிருந்து ஒரு குரல் இடி மாதிரி கேட்டது:

"ஏம்மா, பால் தீயற வாசனை ஊரைத் தூக்குதே, அங்கே என்ன பண்றே?"

பேனாவைக் கீழே வைத்தேன். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுளிலேயே அதுதான் முதல் தடவை.