மின்னேரிக் குளக்கரையில்

ஹபறணையிலிருந்து பொலனறுவைக்குச் செல்லும் வழியில் மின்னேரிக் குளம் இருக்கின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் மகாசேன மன்னன் கட்டுவித்த குளம் அது. அதனையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் 1997இல் அரசாங்கம் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்தது. ஆவணி மாதத்து மாலையொன்றில் நாம் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தோம்.

கோடையில் நீர் வற்ற வற்ற, குளத்தின் ஈர நிலத்திலே இளம்புல் தளிர்க்கின்றது. உலர் வலயத்துக் காடுகள் காய்ந்து கிடக்கும் அக்காலத்தில், இப்புல்லை நாடி யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. நல்ல ஆண்டுகளில் 300 யானைகள் வரை கூடியதுண்டு. நாம் சென்றவன்று கண்டவை நாற்பதுக்கு மேல் இரா.

"அப்பா, இவையெல்லாம் தின்றால் காடு அழிந்துபோகாதா?" என்று எம் மகன் வினவினான்.

வழிகாட்டியாக வந்தவர் ஜீப் வண்டியை நிறுத்துவித்து, பாதையோரத்தில் கிடந்த யானை இலத்தியைச் சுட்டிக் காட்டினார். அதிலே விளாம்விதைகள் சிதையாமற் கிடந்தன.

"தம்பி, மாரி பெய்ததும் இவற்றுள் ஒன்றிரண்டாவது முளைக்கும். அது யானை நட்ட மரம்" என்றார் அவர்.

உண்மைதான். வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் உணவு உட்கொள்ளும். அதிற் பாதியளவேனும் செரியாமல் வெளிவரும். தாய்மரத்தின் நிழலில் வீழ்ந்து வீணாகக்கூடிய விதைகள் இவ்வாறு நெடுந்தூரம் சென்று எருவோடு நிலத்தைச் சேருகின்றன. இலத்தியை வண்டுகளும் கறையான்களும் மண்ணோடு கலக்கின்றன. யானை முறிக்கும் கிளைகள் மானுக்கு இரையாகின்றன. கிளை முறிந்த வெளியினூடே வெயில் இறங்கிச் சிறு செடிகளை வளர்க்கின்றது. யானையின் அடிச்சுவட்டில் தேங்கும் நீரிலே தவளைகள் முட்டையிடுகின்றன. அப்பால் மேய்ந்துகொண்டிருந்த எருமைகளைத் தொடர்ந்து, அவை கிளப்பிய பூச்சிகளை உண்ணிக்கொக்குகள் கொத்தித் தின்றன. மேய்ச்சல் என்பது அழிப்பதன்று, ஆக்குவதுமாகும் என்பதை நாம் அங்கேதான் உணர்ந்தோம்.

ஆயின் யானைகள் குறைந்ததேன்? 2018ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து கோடையிலும் இக்குளத்துக்கு நீர் வருகின்றது. நீர் நிறைந்திருந்தால் புல்வெளி மூழ்கிவிடும். புல்லில்லாத யானை அயலிலுள்ள வயல்களை நாடும். அங்கே மனிதருக்கும் துன்பம், யானைக்கும் துன்பம்.

கமக்காரருக்கு நீர் வேண்டும் என்பதை யார் மறுப்பர்? எனினும், கோடையிற் சில வாரங்களேனும் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைத்தால் இரு சாராரும் வாழலாமன்றோ? குளத்தைக் கட்டியவன் மனிதன். அதன் கரைக் காட்டை விதைத்து வருபவை யானைகள். பொழுது சாய்ந்து நாம் திரும்பியபோது, ஒரு குட்டி தாயின் காலடியில் நின்று புல் பறிக்கப் பழகிக்கொண்டிருந்தது.